2000 வாட் கீசர், கணக்குப் போட்டால் 1485 வாட்தான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

வளவுப்புறா | ஞாயிறு காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் பி.காம் படிக்கிறேன். மின்சாரம் பற்றி பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு மேல் தெரியாது, தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

சனி ஞாயிறு கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊரில் அப்பத்தாவோடு இருப்பேன். அவர்களுக்கு முழங்கால் வலி. வெந்நீர் ஊற்றினால் தேவலாம் என்று போன மாதம் மூன்றாம் கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) உள்ள குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்று வாங்கி மாட்டினோம். பெட்டியில் 2000 வாட், 230 வோல்ட் என்று இருக்கிறது. ஆனால் தண்ணீர் சுட கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. "இதுக்கு விறகடுப்பே தேவலை" என்று அப்பத்தா தினமும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நண்பனிடம் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். (முதலில் வயரை மொத்தமாகக் கவ்விப் பார்த்தேன், பூஜ்ஜியம் காட்டியது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும், ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும் என்று நண்பன் சிரித்துக்கொண்டே சொன்னான்.) கீசர் ஓடும்போது அதன் பிளக்கில் 198 வோல்ட். கரண்ட் 7.5 ஆம்பியர்.

மின்தடை = 198 ÷ 7.5 = 26.4 ஓம்
பவர் = 198 × 7.5 = 1485 வாட்

மீதி 515 வாட் எங்கே போனது? கடையில் கேட்டால் "வோல்டேஜைப் பாருங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். சமாளிப்பா, நிஜமா?

நெல்லிக்காய் | ஞாயிறு காலை 10:41

உங்கள் கணக்கு சரிதான். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். எங்களுக்கு பிளஸ் ஒன்னில் இப்போதுதான் நடக்கிறது. பெட்டியில் எப்போதும் கூட்டித்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன்.

காயில்கட்டி | ஞாயிறு காலை 11:05

தம்பி, காயில் டூப்ளிகேட். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூட வேண்டும். 2000 வாட் என்றால் 198 வோல்ட்டில் 2000 ÷ 198, பத்து ஆம்பியருக்கு மேல் இழுத்திருக்க வேண்டும். ஏழரைதான் இழுக்கிறது என்றால் அது 1500 வாட் காயில், ஸ்டிக்கர் மட்டும் 2000. திருப்பிக் கொடுத்துவிடு.

பழைய வாத்தியார் | ஞாயிறு பகல் 12:30

கடைக்காரர் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

"2000 வாட், 230 வோல்ட்" என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு சத்தியம் மாதிரி. 230 வோல்ட் கொடுத்தால் 2000 வாட் தருவேன் என்று அர்த்தம். 198 கொடுத்தாலும் 2000 தருவேன் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அந்தச் சத்தியத்துக்குள் ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது. வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் அது வெளியே வரும்:

230 × 230 ÷ 2000 = 26.45 ஓம்

வளவுப்புறா அளந்து கண்டுபிடித்தது 26.4. காயில் யோக்கியமான காயில். அதை விட்டுவிடலாம்.

ஹீட்டர் காயிலில் மாறாமல் இருப்பது ஓம்தான், வாட் இல்லை. வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் அதே விகிதத்தில் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் பவர் இரட்டை அடி வாங்குகிறது. 198 என்பது 230-இல் 86 சதவீதம். 86-இல் 86 சதவீதம் என்றால் 74. 2000-இல் 74 சதவீதம் போட்டுப் பாருங்கள், 1480 பக்கம் வந்து நிற்கும். வோல்டேஜில் ஏழில் ஒரு பங்கு குறைந்தால் சூட்டில் நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது.

நேரக் கணக்கும் ஒத்துப்போகிறது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50-க்குக் கொண்டுபோக சுமார் 1380 கிலோஜூல் வேண்டும். 2000 வாட் என்றால் பதினொன்றரை நிமிடம். 1485 வாட் என்றால் பதினைந்தரை. அப்பத்தா சொல்வது அளவு எடுத்த மாதிரி சரி.

காயில்கட்டி | ஞாயிறு பகல் 1:10

சார், மரியாதையோடு சொல்கிறேன். இருபது வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் செய்கிறேன். கோடையில் லோ வோல்டேஜ் வந்தால் என் கடை வாசலில் எரிந்த மோட்டார் வரிசை கட்டி நிற்கும். வோல்டேஜ் இறங்கும்போது கரண்ட் ஏறுவதை அம்மீட்டரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருப்பது வேறு, கடையில் நடப்பது வேறு.

பழைய வாத்தியார் | ஞாயிறு பகல் 2:45

நீங்கள் பார்த்தது பொய் என்று நான் சொல்லவே இல்லை. மோட்டார் ஒரு சாதி, ஹீட்டர் வேறு சாதி.

கிணற்றில் தண்ணீர் இழுக்கிற மோட்டாருக்கு முதுகில் ஒரு வேலை ஏற்றியிருக்கிறோம். வோல்டேஜ் இறங்கினாலும் வேலை அதேதான். வேகம் கொஞ்சம் தளரும், அதைச் சமாளிக்கக் கூடுதல் கரண்டை இழுக்கும். கம்பியில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும், கரண்ட் 20 சதவீதம் கூடினால் சூடு 44 சதவீதம் கூடும். அதனால்தான் உங்கள் வாசலில் வரிசை. இண்டக்ஷன் அடுப்பு, லேப்டாப் சார்ஜர் இவையும் ஓரளவு இதே குணம்தான், உள்ளே இருக்கும் சர்க்யூட் வாட்டைக் காப்பாற்றப் பார்க்கும்.

ஹீட்டருக்கு முதுகில் பாரம் இல்லை. அது வெறும் கம்பி. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சூடாகும், குறைத்துக் கொடுத்தால் குறைத்து வாங்கும். இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான்.

இன்னொன்று. மோட்டாருக்கு வோல்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் வாட் வராது, பவர் ஃபேக்டர் என்ற, ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். ஹீட்டருக்கு அது கிட்டத்தட்ட ஒன்று என்பதால் வளவுப்புறா தப்பித்தார். கிரைண்டரில் இதே கணக்கைப் போட்டிருந்தால் ஏமாந்திருப்பார்.

காயில்கட்டி | ஞாயிறு பகல் 2:58

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் சாதி. ஆனால் 198 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே.

நெல்லிக்காய் | ஞாயிறு பகல் 3:20

இடையில் ஒரு சந்தேகம். வீட்டில் பழைய 100 வாட் குண்டு பல்பு இருந்தது. கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன், 40 காட்டுகிறது. 230 × 230 ÷ 40 = 1322 வாட்! பல்பு கீசரை விடப் பெரிதா? மீட்டர் கெட்டுவிட்டதா?

பழைய வாத்தியார் | ஞாயிறு பகல் 3:50

மீட்டர் நல்ல மீட்டர். நீ பார்த்தது தூங்குகிற பல்பை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி பக்கம் போய்விடும், அப்போது அதன் மின்தடை 529 ஓம். பதின்மூன்று மடங்கு. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் மட்டும் நிஜமாகவே 40 ஓம் மாதிரிதான் நடந்துகொள்ளும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஏன் பீஸ் போயின என்பதற்கு அதுதான் காரணம். கீசர் காயில் நிக்ரோம் கலவை, சூட்டில் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். அதனால் குளிர்ந்த காயிலை ஓம் மீட்டரில் பார்த்தாலும் 26 பக்கமே காட்டும். ஆனால் ஓம் பார்க்கும்போது கரண்ட் தொடர்பு முழுவதும் துண்டித்திருக்க வேண்டும், மறந்துவிடாதே.

ஓம் என்பவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான், கொலோன் நகரில். 1827-இல் புத்தகமாகப் போட்டபோது சொந்த நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. கரண்டின் வர்க்கத்தோடு சூடு ஏறும் என்று ஜூல் எழுதியதும் அதே 1841-இல்தான். வாத்தியார் வேலைக்குக் கொஞ்சம் பெருமை சேர்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிக்காரன் | ஞாயிறு மாலை 6:15

தேவகோட்டையிலிருந்து. வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் கீசரையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். காயில்கட்டி அண்ணன் கேட்டதுதான் கேள்வி: 198 எங்கிருந்து வந்தது?

வளவுப்புறா, மூன்று அளவு வேண்டும்.
கீசர் ஓடாதபோது அதே பிளக்கில் எத்தனை வோல்ட்?
கீசர் ஓடும்போது முகப்பில் மெயின் போர்டில் எத்தனை?
கீசருக்கு வரும் வயர் புதிதா, பழசா?

மெயின் போர்டில் கை வைக்கப் பயமாக இருந்தால் ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக்கொள். பயம் நல்லதுதான்.

வளவுப்புறா | ஞாயிறு மாலை 7:40

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் கூட இருந்தார். இருந்தது ஒரே மீட்டர், முகப்புக்கும் மூன்றாம் கட்டுக்கும் ஓடி ஓடி மூச்சு வாங்கிவிட்டது.

கீசர் ஓடாதபோது பிளக்கில் 225, மெயின் போர்டிலும் 225.
கீசர் ஓடும்போது மெயின் போர்டில் 222. பிளக்கில் 198.

வயர் பழசுதான். தனி லைன் இழுக்கவில்லை. இரண்டாம் கட்டிலிருந்து பின்பக்கம் போகிற பழைய லைட் லைனிலேயே பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

கம்பிக்காரன் | ஞாயிறு மாலை 7:52

முதலில் கீசரை நிறுத்து. இன்றைக்கு அப்பத்தா விறகடுப்பு வெந்நீரிலேயே குளிக்கட்டும். காரணம் சொல்கிறேன், அதற்குள் வீட்டின் நீளத்தைச் சொல். மெயின் போர்டிலிருந்து வயர் போகிற வழியிலேயே நடந்து அளக்க வேண்டும். வயரில் எத்தனை இழை என்றும் பார்க்கச் சொல், மெயினை அணைத்துவிட்டு.

வளவுப்புறா | ஞாயிறு இரவு 8:30

நிறுத்தியாயிற்று. வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரை போகிறது. வயர் முகப்பிலிருந்து வளவை (நடுமுற்றத்தை) ஒரு பக்கமாகச் சுற்றி, பட்டாலைக்கு மேலே ஓடி, இரண்டாம் கட்டு தாண்டி வருகிறது. தோராயமாக 55 மீட்டர். தேக்குச் சட்டத்துக்குள் மரமூடி போட்டு ஓடும் வயரிங். துணி சுற்றிய ரப்பர் வயர், மூன்று செம்பு இழை. அண்ணன் இதை "மூணு-இருபத்திரண்டு" என்றார்.

கம்பிக்காரன் | ஞாயிறு இரவு 9:10

இப்போது கணக்கு.

மெயின் போர்டில் 222, கீசரில் 198. வழியில் 24 வோல்ட் தொலைந்திருக்கிறது. அந்த வழியில் ஓடிய கரண்ட் அதே 7.5 ஆம்பியர்.

24 ÷ 7.5 = 3.2 ஓம்

பாடத்தில் கீசருக்குப் போட்ட அதே வகுத்தல்தான், வயருக்குப் போட்டேன். வயருக்கும் மின்தடை உண்டு என்பதை எல்லோரும் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். உங்கள் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு 3.2 ஓம் ஹீட்டர் ஓடுகிறது. அதன் பவர் 24 × 7.5 = 180 வாட். தெருக் கம்பத்திலிருந்து மெயின் வரை தொலைந்தது வெறும் 3 வோல்ட், அதாவது 0.4 ஓம். வெளியில் குறை இல்லை, குறை வீட்டுக்குள்ளே.

வாத்தியார் சார், அந்த வயருக்கு 3.2 ஓம் நியாயமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் | ஞாயிறு இரவு 9:45

22 கேஜ் இழை 0.71 மில்லிமீட்டர் கனம். மூன்று இழை சேர்ந்து ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர் செம்பு. அதற்குக் கிலோமீட்டருக்கு 14.5 ஓம் வரும். 55 மீட்டர் வீடு என்றாலும் கரண்ட் போய்த் திரும்பி வர 110 மீட்டர் கம்பி. 14.5-ஐ 1000-ஆல் வகுத்து 110-ஆல் பெருக்கினால் 1.6 ஓம்.

ஆக, வயர் 1.6-க்குப் பொறுப்பு. மீதி 1.6 ஓமுக்குப் பொறுப்பு யார்?

கம்பிக்காரன் | ஞாயிறு இரவு 9:58

ஜாயின்ட்.

வயரின் 1.6 ஓம் 110 மீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. அதில் உண்டாகும் 90 வாட் சூட்டை நூறு மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு ஒரு வாட் கூட இல்லை, கை வைத்தாலும் லேசான வெதுவெதுப்பு. ஆனால் மற்ற 1.6 ஓம் ஒரு விரல் நீள முறுக்கில் உட்கார்ந்திருக்கலாம். 7.5 × 7.5 × 1.6, அதே 90 வாட். என் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கும். அதைப் போல மூன்றரை மடங்கு சூடு, காய்ந்த தேக்கு மரப் பெட்டிக்குள், துணி சுற்றிய ரப்பர் மேல். அதனால்தான் நிறுத்தச் சொன்னேன்.

சிங்கப்பூர்ப் பேரன் | ஞாயிறு இரவு 10:20

எங்கள் வீடும் பள்ளத்தூரில் இதே மாதிரிதான், படித்ததும் பயமாகிவிட்டது. ஒரு கேள்வி. இவ்வளவு சூடு வந்தால் பீஸ் போயிருக்க வேண்டாமா? பீஸ் எதற்கு இருக்கிறது? கரண்ட் பில்லும் எகிறியிருக்குமே?

கம்பிக்காரன் | ஞாயிறு இரவு 10:48

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

பீஸ் கம்பிக்குத் தெரிவது ஆம்பியர் மட்டும்தான். கெட்ட ஜாயின்ட் வழியில் மின்தடையைக் கூட்டுகிறது. மின்தடை கூடினால் கரண்ட் குறையும். ஜாயின்ட் நன்றாக இருந்திருந்தால் இந்தக் கீசர் 7.9 ஆம்பியர் இழுத்திருக்கும், இப்போது 7.5. பீஸுக்கு முன்னைவிட நிம்மதி! எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருந்தாலும் இதே கதைதான். ஜாயின்ட் கருகித் தீப்பிடித்து, இரண்டு வயரும் ஒட்டிய பிறகுதான் அது விழும்.

பில்லில் தெரியாது. வழியில் தொலைவது 180 வாட், ஒரு குளியலுக்குப் பதினைந்தரை நிமிடம். ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டு மாதப் பில்லில் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும், யார் கவனிப்பார்கள்? "பில் ஒழுங்காத்தான் வருது" என்பதை வயரிங்குக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வளவுப்புறா, இன்னொரு கேள்வி. பழைய வயரிங்கில் இரண்டு கம்பிதான் வரும். கீசர் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு எர்த் எங்கிருந்து எடுத்தார்கள்?

வளவுப்புறா | ஞாயிறு இரவு 11:05

கழற்றிப் பார்த்தோம். எங்கிருந்தும் எடுக்கவில்லை. சும்மா இருக்கிறது.

பழைய வாத்தியார் | திங்கள் காலை 6:10

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் பிடிக்கவில்லை. நனைந்த உடம்புக்கு மின்தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள். காயில் ஓட்டையாகித் தண்ணீரில் கரண்ட் இறங்கினால் 230 ÷ 1000, அதாவது 230 மில்லிஆம்பியர். ஆளைத் தீர்க்க அதில் ஒரு பங்கு போதும். கரண்ட் கசிந்தால் தானே துண்டித்து உயிரைக் காக்கிற ஆர்சிசிபி என்ற சுவிட்ச் 30 மில்லிஆம்பியரில் விழுமாறு செய்யப்பட்டிருப்பது ஏன் என்று இப்போது புரியும். எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாமல் அந்தக் கீசரை இனிமேல் போடக்கூடாது. வாட் கணக்கெல்லாம் அப்புறம்.

காயில்கட்டி | திங்கள் காலை 8:00

எர்த் போடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நம் பக்கம் செம்புறாங்கல் பூமி, காய்ந்து கிடக்கும். பைப்பை இறக்கி மூடிவிட்டுப் போனால் பேருக்குத்தான் எர்த். தோட்டத்தில் கிணற்றடி ஈரம் பக்கமாகக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். போட்ட பிறகு எர்த் எத்தனை ஓம் என்று டெஸ்டர் வைத்து அளக்கச் சொல். அதுவும் ஓம்தான்.

வளவுப்புறா | புதன் மாலை 5:30

விடுப்பு போட்டு வந்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் இன்றைக்கு மரமூடியை வரிசையாகத் திறந்தார். முகப்பு முதல் இரண்டாம் கட்டு வரை எல்லா முறுக்கும் பளிச்சென்று இருந்தது, அந்தக் காலத்து வேலை, முறுக்கின் மேல் ஈயம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் கட்டிலிருந்து மூன்றாம் கட்டுக்குத் திரும்பும் மூலையில் ஒரு வட்டப் பெட்டி. மூடியைத் திறந்ததுமே கருகல் வாடை. உள்ளே ஒரு முறுக்கு கரியாக இருக்கிறது, பக்கத்து மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. நியூட்ரல் பக்க முறுக்கு பரவாயில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் கட்டுக்குப் போகிற பத்து மீட்டர் செம்பே இல்லை, அலுமினிய வயர். ஐயா காலத்தில் சமையல்கட்டுக்கு லைட் இழுத்தபோது போட்டிருப்பார்கள் போல. செம்பையும் அலுமினியத்தையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

அப்பத்தா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சாமி அறைக்குப் போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தார்கள்.

துருப்பிடிக்காதவன் | புதன் இரவு 7:15

படிக்க மட்டும் வந்தேன், இந்தக் கதையைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அந்த இடம் ஒரு குட்டி பேட்டரி. கொஞ்சம் ஈரம் போதும், மழைக்காலத்து வளவில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அலுமினியம் அரிந்து கொடுக்கும், செம்பு தப்பித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டாலே ஓர் ஆக்சைடு தோல் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. சூடானால் இரண்டும் வேறு வேறு அளவுக்கு விரியும், ஆறினால் சுருங்கும். முறுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை தளரும். தளர்ந்தால் மின்தடை கூடும், கூடினால் இன்னும் சூடு.

இதே அரிப்பைப் பற்றி ஆராய ஒரு நிறுவனமே நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அதைத் தாண்டித்தான் தினமும் காலேஜுக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பழைய வயர் 40 வாட் பல்புக்காக ஓடியவரை இந்த ஜாயின்ட்டில் 0.17 ஆம்பியர்தான் போயிருக்கும். அதன் வர்க்கம் ஒன்றுமே இல்லை. கீசர் வந்ததும் கரண்ட் 43 மடங்கு, சூடு அதன் வர்க்கம். ஐயாவைக் குறை சொல்லாதீர்கள், அவர் லைட்டுக்குத்தான் போட்டார்.

கம்பிக்காரன் | புதன் இரவு 8:40

அருமையாகச் சொன்னீர்கள். வளவுப்புறா, அந்த ஜாயின்ட்டை வெட்டி எடுத்துவிட்டு, செம்பு அலுமினியம் இரண்டுக்கும் ஏற்ற கனெக்டர் வைத்து, ஒரு தடவை மட்டும் கீசரை ஓடவிட்டு அளக்கச் சொல். நம் கணக்கு சரியா என்று தெரியும். யாரும் குளிக்கக் கூடாது.

வளவுப்புறா | வியாழன் பகல் 12:10

அளந்தாயிற்று. கீசரில் 208 வோல்ட், 7.9 ஆம்பியர், பெருக்கினால் 1643 வாட். மெயின் போர்டில் கிட்டத்தட்ட 222. இடையில் 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 7.9-ஆல் வகுத்தால் 1.7 ஓம். வாத்தியார் சார் சொன்ன 1.6-க்குப் பக்கத்தில் இருக்கிறது, கூட இருக்கும் 0.1 அலுமினியத்தின் வேலை என்று நானே கண்டுபிடித்தேன். சரியா சார்?

பழைய வாத்தியார் | வியாழன் பகல் 12:40

நூற்றுக்கு நூறு. பி.காம் பையன் என்று இனி சொல்லாதே.

சிங்கப்பூர்ப் பேரன் | வியாழன் பகல் 1:30

அப்போது புது லைன் இழுக்காமலேயே ஓட்டலாமா? ஏன் கேட்கிறேன் என்றால் எங்கள் வீட்டுச் சுவர் முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு தடவை வெட்டினால் அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை. தரையோ ஆத்தங்குடிக் கல். பங்காளிகள் பதினோரு பேரிடம் கேட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும்.

கம்பிக்காரன் | வியாழன் பகல் 2:15

ஓட்டக் கூடாது. எர்த் கம்பி எப்படியும் புதிதாக இழுக்கத்தான் வேண்டும், கூடவே இரண்டு கம்பியையும் இழுத்துவிட வேண்டியதுதானே. ரப்பர் வயர் தொட்டாலே உதிர்கிற வயசு.

சுவரை வெட்ட வேண்டாம். நான் இந்த வீடுகளில் செய்வது இதுதான்: வளவின் ஓட்டுச் சார்ப்புக்கு அடியில், தூணுக்கு மேலே உள்ள உத்தரத்தின் உள்பக்கமாகப் பிவிசி பைப்பைக் கட்டுக்கம்பிக் கிளிப்பில் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். கீழே நின்று பார்த்தால் தெரியாது. தேக்கில் துளை போட மாட்டேன், கிளிப் போதும். பழைய மரச்சட்ட வயரிங்கைக் கரண்ட் இல்லாமல் அப்படியே விட்டுவிடலாம், அழகுக்கு இருக்கட்டும்.

கனம் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. 8 ஆம்பியருக்கு இரண்டரையே தாங்கும், ஆனால் தாங்குவது வேறு, வோல்டேஜ் தொலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. சின்ன வீட்டுக்காரர்கள் முதல் கேள்வி மட்டும் கேட்டால் போதும், நம் வீட்டு நீளத்துக்கு இரண்டாவதையும் கேட்க வேண்டும். 4-க்குக் கிலோமீட்டருக்கு 4.6 ஓம், 110 மீட்டருக்கு அரை ஓம். தனி எம்சிபி, ஆர்சிசிபி, 16 ஆம்பியர் பிளக்.

வளவுப்புறா | அடுத்த ஞாயிறு காலை 9:30

லைன் இழுத்து எர்த்தும் போட்டாயிற்று. பங்காளிகள் பிரச்சினை செய்யவில்லை, கருகிய முறுக்கின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் எல்லோரும் பணம் அனுப்பிவிட்டார்கள். படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போட) வந்து தங்குகிறவர்கள்தானே.

இன்றைய அளவு: 217 வோல்ட், 8.2 ஆம்பியர், 1779 வாட். தண்ணீர் சுட முன்பு பதினாறு நிமிடம், இப்போது பதின்மூன்று. 2000 ஏன் வரவில்லை என்று இனிமேல் கேட்க மாட்டேன், தெருவிலேயே 225தான், 230 இல்லை. கடைக்காரரிடம் போய் "நீங்க சொன்னது சரிதான்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் யாரென்றே ஞாபகமில்லை.

அப்பத்தா இன்னும் விறகடுப்பை விடவில்லை. கீசர் தண்ணீரில் புகை வாசம் இல்லையாம்.

காயில்கட்டி | அடுத்த ஞாயிறு காலை 10:50

இந்த வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று கடையில் என் வார்னிஷ் அடுப்பை அளந்து பார்த்தேன், அதுவும் வெறும் ஹீட்டர் காயில்தான். ஓடாதபோது 228. ஓடும்போது மெயினில் 226, அடுப்பில் 205.

கம்பிக்காரன் | அடுத்த ஞாயிறு காலை 10:53

எத்தனை ஆம்பியர் அண்ணே? அளந்ததும் நிறுத்தினீர்களா?